கெடாம வச்ச ஊசி

எங்க வூட்டுக்காரரு கோவிந்தராசு என்கிட்ட பேசறதை நிறுத்தி மாசக்கணக்காச்சு. ஆனா தினமும் கடல்லேருந்து வந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு, என் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டிவிட்டுட்டுத்தான் டீ குடிப்பாரு. என் விரலால கொக்கி மாட்ட முடியாது. அந்த நேரத்துல நான் மேல ஃபேனைப் பார்ப்பேன், அந்தாளு என் காதுக்குப் பின்னாடி தொங்குற காலண்டரைப் பார்ப்பாரு. ஒரு வார்த்தை கிடையாது. ஊருல சண்டை போட்டவங்க மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போயிடலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல.

என் பேரு அஞ்சுகம். கோட்டுச்சேரிமேடு. காரைக்கால் மார்க்கெட்டுல மீன் வெட்டி வித்தவ. எவ்வளவு பெரிய வஞ்சரமா இருந்தாலும் அருவாமனையில வச்சு நான் இழுத்தா துண்டு ஒரே கனத்துல விழும். பக்கத்துக் கடையில ஆளே இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாலும் என்கிட்ட காத்துக்கிட்டு நின்னு வெட்டிக்கிட்டுப் போவாங்க. அந்தக் கை இப்ப ஒரு டம்ளர் தண்ணியைத் தூக்கக் கெஞ்சுது.

மொதல்ல ஐஸ்ல கையை வச்சு வச்சு வந்த குடைச்சல்னு நினைச்சோம். தைலம் தேய்ச்சேன், வெந்நீர்ல முக்குனேன். விரல் முட்டியெல்லாம் வீங்கி, காலையில எழுந்தா வெயில் ஏறுற வரைக்கும் கையை மடக்க முடியல. அப்புறம்தான் ஆசுபத்திரிக்குப் போனேன். அங்க டாக்டர் சிவப்ரியான்னு ஒரு பொண்ணு, பூவம் பக்கத்து விவசாயக் குடும்பம், அதட்டாமப் பேசும். பார்த்துட்டு முடக்குவாதம்னு சொல்லிடுச்சு.

"வயசானா வர்ற மூட்டு வலி இல்லம்மா இது. கிருமியோட சண்டை போட வேண்டிய உங்க உடம்பு, உங்க மூட்டோடயே சண்டை போடுது."

சரியாப் போச்சு, வூட்டுல ஒருத்தரு சண்டை போடறது பத்தாதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே மாத்திரை எழுதுனாங்க, வாரத்துக்கு ஒரு நாள் போடறது. போட்ட மறுநாள் பூரா குமட்டும். மீன் வாடையிலேயே பொறந்து வளர்ந்தவ, மீன் வாடைக்கு வாந்தி எடுத்தேன். கேவலமா இருந்துச்சு. அதையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன். கூட வேற மாத்திரையும் சேர்த்தாங்க. மூஞ்சி பூசணிக்கா மாதிரி உப்புனதுதான் மிச்சம். வலி அடங்கல.

ஒரு நாள் டாக்டரம்மா என் கைப் படத்தை வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாங்க. எலும்பு ஓரமெல்லாம் எலி கொறிச்சாப்புல இருந்துச்சு.

"பயாலஜிக்னு ஒரு வகை ஊசி இருக்கும்மா. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போடணும். கேட்டுச்சுன்னா வீக்கம் வடியும், எலும்பு அரிக்கிறது நிக்கும். ஏற்கெனவே அரிச்சது திரும்பி வராது. எல்லாருக்கும் கேக்கும்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"கெடுதல் என்னன்னும் சொல்லிடுங்க."

"உடம்போட காவலைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மருந்து இது. அதனால தொற்று சுலபமா வரும். நெஞ்சுச் சளி, புண்ணு எதையும் அசட்டையா விடக் கூடாது. உள்ள டி.பி. கிருமி தூங்கிக்கிட்டு இருந்தா முழிச்சுக்கும். அதுக்குத்தான் ஊசிக்கு முன்னாடியே நெஞ்சுப் படம், ரத்தம் எல்லாம் பார்ப்போம். நடுவுல காய்ச்சல் வந்தா ஊசியை நிறுத்திட்டு உடனே வந்துடணும்."

"போடாம வுட்டா?"

"இப்ப போற வேகத்துல போனா விரல் கோணிக்கும்மா. அதுக்கப்புறம் எந்த ஊசி போட்டும் நிமித்த முடியாது. நல்லா யோசிச்சு, வூட்டுலயும் பேசிட்டு வாங்க."

எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல வர்றப்பவே எடை போட்டுப் பார்த்துட்டேன். ஒரு பக்கம் வந்தாலும் வரலாம்ங்கிற சீக்கு. இன்னொரு பக்கம் நிச்சயமாப் போற கை. வரலாம்ங்கிறதுக்குப் பயந்துக்கிட்டு, போறதை உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்க நான் ஆள் இல்ல. மருந்தை ஆசுபத்திரியிலேயே சும்மா குடுக்கறதால காசுப் பேச்சும் இல்ல. வூட்டுல பேசிட்டு வரச் சொன்னாங்களே, அதுதான் வினையாப் போச்சு.

டி.பி.ங்கிற வார்த்தை என் வாயிலேருந்து வந்ததும் அந்தாளு சாப்புட்டுக்கிட்டு இருந்த தட்டைத் தள்ளி வச்சாரு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அவரு தம்பி மணிவேல் அந்தச் சீக்குலதான் போனான். பாதி மாத்திரையில, உடம்பு தேறிடுச்சுன்னு நிறுத்திட்டுக் கடலுக்குப் போனவன். கடைசியில இவரு மடியில ரத்தமாக் கக்கிட்டுச் செத்தான். அதைப் பார்த்த மனுசன் பயப்படறது எனக்குப் புரியாமல்லாம் இல்ல. ஆனா பயத்தை அவரு வச்சுக்கணும். என் கையில கொண்டாந்து கட்டக் கூடாது.

"காசு வாங்காம சீக்கைக் குடுக்கறாங்க, நீயும் கையை நீட்டுறியா?"

"வரும்னு சொல்லல. வரலாம்னு சொன்னாங்க. பரிசோதனை பண்ணிட்டுத்தான் போடுவாங்க."

"உனக்குக் கை வரலன்னா என்னடி? சோறு நான் ஊட்டுறேன். உசுரே போயிட்டா யாருக்கு ஊட்டுறது?"

இதைக் கேட்டா ஊரே என்ன பாசம்னு உருகும். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. கோவம் வந்தா என் வாயில 'நீங்க' வராது.

"யோவ், நீ ஊட்டுற சோத்தைத் தின்னுட்டு மூலையில உக்காந்திருக்க நான் என்ன பச்சப் புள்ளையா? உன் கை ரெண்டையும் வெட்டிப் போட்டுட்டு நான் ஊட்டுறேன், திங்கிறியா?"

"அப்ப போய்ப் போட்டுக்க. செத்தா என்னைக் கூப்பிடாத."

"செத்தப்புறம் எப்படிய்யா கூப்புடுறது, கூறு கெட்ட மனுசா!"

அதோட பேச்சு நின்னுச்சு. பரிசோதனையில என் நெஞ்சு சுத்தம்னு வந்துச்சு. அதைக் கூட நான் அவருகிட்ட நேராச் சொல்லல. சென்னையில வேலை பார்க்கிற எங்க மக பாரதிப்ரியாவுக்குப் போன் போட்டு, அந்தாளு காதுல விழற மாதிரி கத்திச் சொன்னேன். அவரு வெளியில வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. திரும்பிக் கூடப் பார்க்கல.

முத ஊசி போட்டுட்டு, அடுத்து போட வேண்டிய ஊசிகளை ஐஸ் பையில சுத்திக் குடுத்தாங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. எங்க ஃபிரிட்ஜ் கதவு பழசு, இறுகிக் கிடக்கும், என் கையால திறக்காது. பையை மேசையில வச்சுட்டுச் சுவத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஃபிரிட்ஜ்ல வைக்கணுமாம். ஃப்ரீசர்ல வைக்கக் கூடாதாம்." சுவரு பதில் சொல்லல. அந்தாளு எழுந்து வந்து பையை எடுத்துக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அவரு எதுக்காவது ஃபிரிட்ஜைத் திறக்கறப்பல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். காய்கறித் தட்டுல மருந்து அட்டைப் பெட்டி பத்திரமா இருக்கும். ஊசி போடற அன்னிக்கு விடியக் காலையிலேயே மருந்தை ஃபிளாஸ்குல போட்டு என் பைக்குள்ள வச்சிருப்பாரு. நான் ஆசுபத்திரிக்குப் போய்ப் போட்டுக்கிட்டு வருவேன். ஆமா, அவ்வளவு சண்டையிலயும் அதை மட்டும் தவறாமச் செஞ்சாரு. எப்ப நான் சாவேன், 'அப்பவே சொன்னேன் பாரு'ன்னு சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருக்காருன்னு நான் நினைச்சேன்.

ஊசி ஒண்ணும் கேக்கல. பொறுங்க, சிலருக்கு மூணு மாசம் ஆகும்னாங்க டாக்டரம்மா. பொறுத்தேன். வீக்கம் அப்படியே இருந்துச்சு. நடு விரலு லேசாக் கோண ஆரம்பிச்சுது. டாக்டரம்மாகிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆனா அந்தாளு எதிர்ல விட்டுக் குடுப்பேனா? டம்ளரை ரெண்டு உள்ளங்கையிலயும் நசுக்கிப் பிடிச்சு, நோவுல கண்ணுல தண்ணி முட்டினாலும் சிரிச்ச மூஞ்சியாக் குடிப்பேன். "இப்ப பரவால்லடி, பாரதி" ன்னு போன்ல கத்துவேன். பக்கத்து வூட்டுக்காரி, அக்கா உங்களுக்குக் குணமாயிடுச்சாமேன்னு கேட்டுக்கிட்டு வந்தா. ஆமாடின்னேன். அவ போனப்புறம் அழுதேன்.

அதுக்கு நடுவுல பயம் வேற. ஒரு இருமல் வந்தா போச்சுடான்னு இருக்கும். தும்முற புள்ளைங்களைக் கண்டா ஒதுங்கிப் போவேன். மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வந்தப்ப, கூட்டம் ஆகாதுன்னு வாசலோட நின்னுட்டேன். பொறந்ததுலேருந்து நான் போகாம இருந்ததே இல்ல.

போன வாரம் மறுபடி படம் எடுத்தாங்க, கைக்கும் நெஞ்சுக்கும். ரத்தமும் பார்த்தாங்க. அடுத்து எடுக்கற முடிவு பெரிசு, வூட்டுலேருந்து யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பாரதி போன் பண்ணி அப்பனை மிரட்டுனா. அந்தாளு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பஸ்ஸுல எனக்கு முன்னாடி சீட்டுல உக்காந்து வந்தாரு. யாரோ எவரோங்கிற மாதிரி.

டாக்டரம்மா படத்தைப் போட்டுக் காட்டுனாங்க. போன தடவை ஓரத்துல கொறிச்சிருந்த எலும்பு இப்ப நல்லாவே குழிஞ்சிருந்துச்சு. சோத்துக் கையில ரெண்டு விரலு இனிமே முழுசா நிமிராதுன்னாங்க. அந்த ரெண்டு விரலாலதான் மீனை அழுத்திப் பிடிக்கணும்.

"இந்த ஊசி உங்களுக்குக் கேக்கலம்மா. வேற வகைக்கு மாறலாம். புதுச்சேரிக்குப் போய் ட்ரிப்ஸ்ல ஏத்தணும். உங்களைப் பொறுத்தவரை அதுல தொற்று பயம் இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். இல்லன்னா ஊசியே வேணாம்னு நிறுத்திட்டு மாத்திரையோட ஓட்டலாம். ரெண்டுல எதுன்னு பார்க்கணும்."

"நான் அப்பவே சொன்னேன் டாக்டரம்மா," ன்னாரு அந்தாளு. இத்தனை மாசம் கழிச்சு எனக்குப் பக்கத்துல அவரு குரலைக் கேட்டேன். "வேணாம் வேணாம்னு முட்டிக்கிட்டேன். கேட்டாளா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மருந்தை வூட்டுல எங்கம்மா வச்சிருந்தீங்க?" ன்னு கேட்டாங்க.

"ஃபிரிட்ஜ்லதான்."

அந்தாளு மூக்கால ஒரு சிரிப்பு சிரிச்சாரு. "ஃபிரிட்ஜாம் ஃபிரிட்ஜு! அதுல ரெண்டு நாள் மீனை வச்சா நாறிப் போவுது. மழைக் காலத்துல கரண்டும் இருக்கறதில்ல. அதை நம்பி இவ உடம்புல ஏத்தற மருந்தை வைப்பேனா? வெறும் அட்டைப் பெட்டிதான் அதுல இருந்துச்சு. மருந்தை நான் கொல்லையில ஐஸ் பெட்டியில வச்சேன்."

"ஐஸ் பெட்டியிலயா?"

"ஆமா டாக்டரம்மா. மீன் போடற தெர்மாகோல் பெட்டி, புதுசா வாங்குனது, மீனே போடல. தினம் ஐஸ் கம்பெனியிலேருந்து ஐஸ் உடைச்சு எடுத்துட்டு வருவேன். கீழ ஐஸ், நடுவுல பாலித்தீன் கவர்ல மருந்து, மேல ஐஸ். ஊடால கல்லுப்பு தூவிடுவேன். உப்பு தூவுனா குளிரு ஏறும். ஏற்றுமதிக்குப் போற மீனை அப்படித்தான் வைப்போம். ஒரு நாள் தவறல. மருந்து கல்லு மாதிரி இறுகி இருக்கும், இவ ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள இளகிடும். கெட்டுப் போக வாய்ப்பே இல்ல."

எங்க பொழப்புல இறுகி இருந்தா நல்ல சரக்கு. தொட்டா அமுங்குனா கெட்ட சரக்கு. பொறந்ததுலேருந்து எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். டாக்டரம்மா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டாங்க.

"ஃப்ரீசர்ல வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, ஐயா."

"ஃப்ரீசர்ல நான் எங்க வச்சேன்? பெட்டியிலதானே வச்சேன்."

"ஐஸோட உப்பு சேர்ந்தா அதுவும் ஃப்ரீசர்தான். இந்த மருந்து உறையவே கூடாது. உறைஞ்சா செத்துடும். திரும்ப இளகினாலும் பார்வைக்கு அப்படியே இருக்கலாம், ஆனா உள்ள வேலை செய்யற சங்கதி போயிடும்." டாக்டரம்மா பேனாவை மூடி வச்சாங்க. "அம்மா, அப்ப மருந்து கேக்கலன்னு சொல்லவே முடியாது. உங்களுக்கு மருந்தே போகல."

நான் பொறுத்த மாசமெல்லாம் வீண். பயந்தது வீண். மகத்துக்குப் போகாதது வீண். மருந்துக்கு உண்டான பயத்தை மட்டும் முழுசா அனுபவிச்சுட்டு, மருந்தை அனுபவிக்கவே இல்ல நான். அந்த நேரத்துல எலும்பு பாட்டுக்கு அரிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

அந்தாளு மெதுவாக் கேட்டாரு. "அப்ப, இத்தனை நாளா அந்த மருந்து இவ உடம்புல வேலையே செய்யலையா? காவலை அடக்கறது, சளி பிடிக்கறது, அதெல்லாம்?"

"இல்லைங்க. மொத ஊசி இங்கேயே போட்டது, அது ஒண்ணுதான் உருப்படியாப் போயிருக்கு. மத்ததெல்லாம் தண்ணி போட்ட மாதிரிதான்."

"அப்பாடா," ன்னாரு.

வேணும்னு சொல்லல. வாயிலேருந்து நழுவிடுச்சு. ஆனா மூஞ்சியைப் பார்த்தேனே! மாசக்கணக்கா இறுகிக் கிடந்த மூஞ்சி தளர்ந்து, கண்ணு கலங்கி, தோளு ரெண்டும் கீழ இறங்கி, நிம்மதியா உக்காந்திருந்தாரு. என் விரலு ரெண்டு போச்சுன்னு அதே ரூம்புல, அதே நாற்காலியில இப்பத்தான் கேட்ட மனுசன்.

ஐஸ்ல வச்சதை நான் மன்னிச்சிருப்பேன். தெரியாம செஞ்சது. கெட்ட மருந்து என் உடம்புல ஏறிடக் கூடாதுன்னு தினம் ஐஸ் தூக்கியிருக்காரு. அது பயந்தவன் பாசம். ஆனா அந்த 'அப்பாடா'வை எங்க கொண்டு போய் வைக்கறது? அவரு கணக்குல நான் மூச்சு விட்டா போதும். கொக்கி மாட்டிவிட, சோறு ஊட்ட, உக்கார வைக்க ஒரு உசுரு இருந்தா போதும். மிச்ச அஞ்சுகம் போனா போகட்டும்.

"யோவ்," ன்னேன். டாக்டரம்மா இருக்காங்கன்னு கூடப் பார்க்கல. "என் கை போச்சு, உனக்கு அப்பாடாவா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"சொன்னே. நான் செத்தா உனக்குத்தான் துக்கம். கையில்லாம கெடந்தா எனக்குத்தான் துக்கம். உன் துக்கத்தை மிச்சம் பிடிக்க என் கையை எடுத்துக்கிட்டியேய்யா!"

அவரு வெள்ளைச் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டுத் தரையைப் பார்த்தாரு. டாக்டரம்மா எழுந்து வந்து என் தோள்ல கை வச்சாங்க. ட்ரிப்ஸ் எல்லாம் இப்ப வேணாம், அதே ஊசியை முறையா ஆரம்பிக்கலாம், மிச்சம் இருக்கிற விரலையாவது காப்பாத்தப் பார்க்கலாம்னாங்க. நெஞ்சுப் படமும் ரத்தமும் சுத்தமா இருக்கு, இன்னிக்கே போடலாம், ஆனா பயம்னு முன்ன சொன்னதெல்லாம் இனிமேதான் நெசம், யோசிச்சுக்கங்கன்னும் சொன்னாங்க.

"யோசிச்சாச்சு. போடுங்க."

நர்ஸம்மா ஊசியோட வந்தாங்க. அந்தாளு எழுந்து வெளியில போகப் பார்த்தாரு.

"உக்காரு. பார்க்கணும் நீ."

உக்காந்தாரு. புடவையை ஒதுக்கி வயித்துல போட்டாங்க. சுருக்குன்னு எரிஞ்சுச்சு. முன்ன போட்டதெல்லாம் கூட எரிஞ்சதுதான்.

"இனிமே மருந்து இங்கேயே இருக்கட்டும்மா," ன்னாங்க டாக்டரம்மா. "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து போட்டுக்கங்க."

"வேணாங்க. எங்க வூட்டு ஃபிரிட்ஜ்லதான் இருக்கும். இவருதான் எடுத்து வைக்கணும்."

"அம்மா, எதுக்கு வீணா..."

"இவரு கையால வைக்கட்டும் டாக்டரம்மா. சாகாத மருந்தை வைக்கட்டும்."

அவங்க என்னையும் அவரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அப்புறம் அவருகிட்ட விளக்கமாச் சொன்னாங்க. ஃபிரிட்ஜோட நடுத்தட்டு, பின் சுவத்துல படாம. கரண்டு போனா கதவைத் திறக்காம வுட்டா கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரொம்ப நேரம் வரலன்னா போன் பண்ணுங்க. ஐஸ் பக்கமே போகக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டுனாரு. மருந்துப் பையை நீட்டுனாங்க. ரெண்டு கையையும் சட்டையில துடைச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டாரு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்தாரு. பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாரு. கோட்டுச்சேரி தாண்டறப்ப, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

"செத்துடாதடி."

"அதை நான் பார்த்துக்கறேன்," ன்னேன். "நீ ஃபிரிட்ஜை ஒழுங்கா மூடு."